ஒலி இல்லாமல் கட்டிய வானம்

மே 6, செவ்வாய்

புது புரொஜெக்டர் வந்துவிட்டது. தாளாளர் வெங்கடபதி சார் அட்டைப்பெட்டியின் மேல் கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை நாள் ஆகும்?" என்றார்.

"ரெண்டு நாள் சார்."

தினமும் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி மாலையில் காட்டச் சொல்லியிருக்கிறார். அந்த நோட்டு வேறு. அதில் 'பணி நடைபெறுகிறது' என்று எழுதினால் போதும். இது எனக்கு.

நிலவரத்தை எழுதிவிடுகிறேன். கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு பொறியியல் கல்லூரி. அதற்குள் நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு கோளரங்கம், எங்கள் பேச்சில் டோம். அதன் கணினிக்கு நான் பொறுப்பு. பழைய புரொஜெக்டர் மார்ச்சில் செத்துப்போனது. வரும் 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து முந்நூறு பிள்ளைகள் வானம் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு ஓடவில்லை என்றால் டோமை ஷட்டில் ஆடும் இடமாக மாற்றப்போவதாகத் தாளாளர் சொல்லிவிட்டார். ஷட்டில் ஆட டோம் எதற்கு என்று கேட்டேன். "உயரம் இருக்குல்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் ஆகாது. கணினி லேப் இருக்கிறது, அங்கே உட்காருவேன். டோம் போனால் ஜெசிந்தாவின் வேலை போகும். கோளரங்க விரிவுரையாளர். தூத்துக்குடிக்காரி, எம்.எஸ்சி. இயற்பியல். ஒப்பந்தம் மே 31 வரைதான்.

தாளாளர் போனதும் என்னிடம் வந்து கேட்டாள்: "ரெண்டு நாளா? இல்ல, உங்க ரெண்டு நாளா?"

என் இரண்டு நாளும் ஊரார் இரண்டு நாளும் ஒன்றுதான். வியாழன் மாலை முடிந்துவிடும். எழுதி வைக்கிறேன்.

மே 7, புதன்

அப்டேட் கட்டளையைத் தட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு.

விஷயம் எளிது. புது புரொஜெக்டரை இயக்கும் டிரைவர் நிரலுக்கு, படம் வரைய உதவும் ஒரு கிராபிக்ஸ் லைப்ரரியின் ஐந்தாம் பதிப்பு வேண்டும். வானத்தை வரையும் நிரல் நான்காம் பதிப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு பதிப்பும் ஒரே கணினியில் குடியிருக்க முடியாது. கணினி என்னிடம், நீயே முடிவு செய் என்கிறது.

ஜெசிந்தா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது பின்னால் நின்றால் எனக்குத் தட்டச்சு தப்பும். சொன்னேன். பக்கத்தில் வந்து நின்றாள். இன்னும் மோசம்.

"சாதாரண லினக்ஸ் போட்டிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்னு லேப்ல பேசிக்கிடுதாங்களே, நெசமா?"

"முடிஞ்சிருக்கும். அதுல எல்லாம் ரெடிமேடா வரும். இதுல மூல நிரல்தான் வரும். நம்ம கம்ப்யூட்டரே அதை கம்பைல் பண்ணிக் கட்டிக்கும். எந்த வசதி வேணும், எது வேண்டாம்னு ஒவ்வொண்ணா நாமளே சொல்லலாம்."

"எதுக்கு?"

"டோம் வளைவுக்குத் தக்க வானத்தை வளைக்கிற நிரல் இருக்குல்ல, அது நம்ம காலேஜ்ல படிச்ச ஒருத்தர் எழுதினது. ரெடிமேடா எங்கயும் கிடைக்காது."

"அது ஒண்ணுதான் காரணமா?"

"அது ஒண்ணுதான்."

அது ஒன்று மட்டும் இல்லை. ஆனால் அவளுக்கு எதற்கு.

"சட்டை வேணும்னா சனங்க கடைக்குப் போவாங்க. நீங்க பருத்தி வெதைக்கீங்க" என்றாள். ஏணி மேல் நின்று வயரிங் பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் பிச்சையா அண்ணாச்சி ஏணி ஆடும்படி சிரித்தார்.

ஆறு மணிக்கு டோமின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்கள். போன வருடம் வயரிங் புகைந்ததிலிருந்து தாளாளர் உத்தரவு. இரவெல்லாம் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்க்கும் சொகுசு எனக்குக் கிடையாது. ஆறு மணிக்குப் பாதியில் நிற்கும் பேக்கேஜை (ஒவ்வொரு நிரலும் ஒரு பேக்கேஜ்) மறுநாள் முதலிலிருந்து கட்ட வேண்டும்.

மே 8, வியாழன்

முட்டுக்கட்டை. ஏழு டீ. பணி நடைபெறுகிறது.

மே 9, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

வான நிரல் ஐந்தாம் பதிப்போடும் நன்றாக ஓடும். அது ஒன்றும் பிடிவாதம் பிடிக்கவில்லை. இந்தக் கணினியின் அமைப்புக் கோப்பு ஒன்றில், நான்குக்கு மேல் ஏற்றாதே என்று யாரோ தடை போட்டு, அதற்கு மேல் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்கள்: 'இதைத் தொடாதே. தொட்டால் தெரியும். - சுடலை.'

சுடலைமணி ஆகிய நான்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் தேதி போட்டிருக்கிறது.

சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். கை போவதற்குள் ஜெசிந்தா படித்துவிட்டாள்.

"தொட்டா என்ன தெரியும்?"

"ஞாபகம் இல்ல."

"ஏன் தொடக்கூடாதுன்னு எழுதலையே?"

"அப்ப மனசுல இருந்தது."

சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். மூன்று நாளாக ஒருவன் தன்னோடு தானே குஸ்தி போட்டிருக்கிறான் என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சொல்லி, அவரோடு சேர்ந்து மறுபடியும் முதலிலிருந்து சிரித்தாள். மொத்தம் நாற்பது விநாடி. நான் நேரம் பார்க்கவில்லை. கடிகாரம் எதிரில் இருந்தது.

தடையை அழித்தேன். கட்டளையைத் தட்டினேன். சிவப்பு போய்ப் பச்சை. மொத்தம் 214 பேக்கேஜ்கள் மறுபடி கட்ட வேண்டும். 214! வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு பட்டியலைப் பார்த்ததில்லை.

மே 10, சனி

கம்பைல் ஓடுகிறது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே கணினி அதைவிடச் சூடு. சூடானால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கண்ணெதிரே ஒரு பேக்கேஜ் நொண்டுவதை என்னால் பார்க்க முடியாது. அண்ணாச்சி கல்யாண மண்டபத்திலிருந்து ஆள் உயர ஃபேன் ஒன்றை டிரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். போட்டதும் கணினி குளிர்ந்தது. ஜெசிந்தாவின் தாள்கள் டோம் முழுக்கப் பறந்தன. நானும் சேர்ந்து பொறுக்கினேன். எல்லாம் அவள் கைப்பட எழுதியவை. வியாழன் கிரகம் என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

பதினொரு மணிக்கு ஒரு அதிர்ச்சி. 214இல் ஒன்று, முழு இணைய உலாவியின் இன்ஜின். கட்ட ஏழு மணி நேரம் ஆகும். வானத்தைக் காட்டும் நிரலுக்கு உலாவி எதற்கு? தோண்டினேன். உதவிப் பக்கத்தைக் காட்டுவதற்காம்.

"உதவிப் பக்கத்தை யாராவது என்னைக்காவது திறந்திருக்கீங்களா?" என்று கத்தினேன்.

"உதவி கேக்குற ஆளா நீங்க?" என்றாள் ஜெசிந்தா.

வெட்டினேன். அந்த வசதியே வேண்டாம் என்று எழுதினேன். ஏழு மணி நேரம் மிச்சம். கை சும்மா இருக்கவில்லை. பிரிண்டர் வசதி வெட்டு. ஃபேக்ஸ் வெட்டு. (ஃபேக்ஸ்!) ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பட்டியலை வாசித்தாள், நான் தீர்ப்புச் சொன்னேன்.

"ப்ளூடூத்?"

"வெட்டு."

"ஜாய்ஸ்டிக்?"

"வெட்டு."

"ஐஸ்லாந்து மொழி?"

"மன்னிச்சிருங்க ஐஸ்லாந்து. வெட்டு."

214 என்பது 171 ஆனது. ரெடிமேட் சட்டைக்காரர்களுக்கு இந்தச் சுகம் தெரியாது.

மே 11, ஞாயிறு

காலையில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். போய் இறங்கிய பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை டோமுக்கு மெயின் போட மாட்டார்கள் என்பது நினைவு வந்தது.

ஜெசிந்தா டோம் படிக்கட்டில் உட்கார்ந்து தன் தாள்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கல்லூரி விடுதியில் தங்கியிருக்கிறாள்.

"கரண்ட் இல்லாம என்ன செய்யப் போறீங்க?"

"கம்ப்யூட்டரைத் துடைக்கணும்."

"துடைங்க."

துடைத்தேன். வெளியே வந்து, யாருக்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். காட்சிக்கான குரலைத் தாளாளர் ஏப்ரலிலேயே சென்னையில் ஒருவரை வைத்துப் பதிவு செய்துவிட்டார். நாற்பது நிமிடம். 'அண்டப் பெருவெளியின் அளப்பரும் ஆழங்களில்' என்று ஆரம்பிக்கும்.

"சும்மாதான். பழக்கம்" என்றாள். பிறகு, "டோம் ஓடலைன்னா டோமே இல்ல. ஓடுச்சுன்னா ரெக்கார்டிங் இருக்கு. எப்படிப் பாத்தாலும் முப்பத்தொண்ணாந் தேதியோட நான் இல்ல. ஓசூர்ல ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க. ஜூன் ரெண்டு சேரணும்."

"அப்புறம் எதுக்கு தினமும் என்கூட வந்து உக்காந்திருக்கீங்க?"

"முந்நூறு பிள்ளைங்க வருதுல்லா."

ஓசூர் நல்ல ஊர். குளிர்ச்சி. இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரயில் நேரம் பார்த்தேன். பொது அறிவுக்காக.

மே 12, திங்கள்

இன்று புதுக் கூத்து. ஒலிக்கான லைப்ரரியைக் கட்ட, காணொளி லைப்ரரி முதலில் இருக்க வேண்டுமாம். காணொளி லைப்ரரியைக் கட்ட, ஒலி லைப்ரரி முதலில் இருக்க வேண்டுமாம். நீ முதலில் போ, நீ முதலில் போ என்று வாசலில் நிற்கும் இரண்டு மரியாதைக்காரர்கள். உதைத்து உள்ளே தள்ளலாம் போல இருந்தது.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். கேட்டதால் சொன்னேன்.

"இங்க வந்து சேர்ந்தப்ப எனக்கு இதே கதை" என்றாள். "பேங்க்ல அக்கவுண்ட் திறக்க காலேஜ் அடையாள அட்டை கேட்டாங்க. ஆபீஸ்ல அடையாள அட்டை அடிக்க பேங்க் அக்கவுண்ட் நம்பர் கேட்டாங்க. ரெண்டு வாரம் அலைஞ்சேன்."

"அப்புறம்?"

"நம்பர் கட்டத்தைக் காலியா விட்டு ஒரு அட்டை அடிச்சுக் குடுங்கன்னு கிளார்க்கிட்ட சண்டை போட்டேன். அதை வச்சு அக்கவுண்ட். அக்கவுண்ட் வந்தப்புறம் முழு அட்டை. ஒண்ணை அரைகுறையா விட்டாத்தான் இன்னொண்ணு நடக்கும்."

அதுதான் வழி. எனக்குத் தெரியும். சொல்ல வந்தேன், அவள் முந்திக்கொண்டாள். முதலில் எல்லாவற்றையும் ஒலி இல்லாமல் கட்ட வேண்டும். கட்டி முடிந்த பிறகு ஒலியைச் சேர்த்து, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பேக்கேஜ்களை மட்டும் இன்னொரு தடவை கட்ட வேண்டும்.

இரண்டு வாரம் அலைந்தாளாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே போய் அந்த கிளார்க்கிடம் பேசியிருப்பேன். அப்போது பழக்கம் இல்லை.

மே 13, செவ்வாய்

171இல் 96. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கோட்டையப் புடிச்சிட்டியளா?" என்றார். பாதிக் கோட்டை.

மே 14, புதன்

149. ஜெசிந்தா வரவில்லை, ஏதோ காய்ச்சல். அமைதியாக வேலை நடந்தது. அமைதி இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று தெரியாது. ஃபேன் காரணமாக இருக்கலாம்.

மே 15, வியாழன்

171! 171! மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முடிந்தது!

புது டிரைவர், புது லைப்ரரி, புது புரொஜெக்டர். விளக்கை அணைத்தேன். கட்டளையைத் தட்டினேன். ஒரு விநாடி ஒன்றும் இல்லை. அந்த ஒரு விநாடியில் ஷட்டில் காக் ஒன்று டோமுக்குள் பறப்பது எனக்குத் தெரிந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் வானம்!

பழைய புரொஜெக்டரில் நட்சத்திரம் எல்லாம் பொரி மாதிரி இருக்கும். இது ஊசிமுனை. ஆயிரம் ஆயிரமாக ஊசிமுனை. நாற்காலிகளுக்கு நடுவில் ஓட ஆரம்பித்தேன். ஏன் என்று தெரியவில்லை. டோமை மூன்று சுற்றுச் சுற்றினேன், கையை விரித்துக்கொண்டு, "ஏ! ஏ! ஏ!" என்று. நான்காவது சுற்றில் கதவோரம் ஜெசிந்தா நிற்பது தெரிந்தது. காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

"எத்தனை சுத்து?"

"இப்பத்தான் ஆரம்பிச்சேன்."

அவள் பையை வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

இதைத் தாளாளர் நோட்டில் எழுதவில்லை.

மே 16, வெள்ளி

ஒலியை இன்றே சேர்த்திருக்கலாம். ஆனால் முதலில் வானத்தின் வளைவைச் சரி செய்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஜெசிந்தா டோம் நடுவில் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்த்து அறிக்கை விட்டாள்.

"நிலா முட்டையா இருக்கு."

திருத்தினேன்.

"இப்ப இட்லியா இருக்கு."

திருத்தினேன்.

"இப்ப... ஊருக்குப் போற அவசரத்துல பிடிச்ச கொழுக்கட்டை."

மாலை நாலரைக்கு நிலா வட்டமானது. வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் ஆகியிருக்கலாம். ஒலிக்கு நாலு மணி நேரம் போதும். நாளை முழு நாள் இருக்கிறது.

மே 17, சனி

நாளை முழு நாள் இருக்கிறது என்று எழுதியவனைப் பிடித்து உதைக்க வேண்டும்.

ஒன்பது மணிக்குக் கம்பைல் ஆரம்பித்தேன். ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. மூன்று நாள் முன்பே பேப்பரில் போட்டிருந்தார்களாம். நான் பேப்பர் படிப்பதில்லை. கல்லூரி ஜெனரேட்டரில் டோம் லைன் கிடையாது.

"நாலு மணி நேர வேலைன்னு எங்கிட்ட சொல்லிருந்தா நேத்தே சொல்லிருப்பேன்லா" என்றார் அண்ணாச்சி.

ஐந்து பத்துக்குக் கரண்ட் வந்தது. ஆறு மணிக்கு மெயினை இறக்கிவிடுவார்கள். ஐம்பது நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. டோம் ஸ்பீக்கர்கள் அத்தனையும் கணினி வழியாகத்தான் பேசும். தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கலாம் என்று அண்ணாச்சி சொன்னபோது, கணினியே போதும் என்று மறுத்த மேதை நான்தான். கணினியில் இப்போது ஒலி கிடையாது. சென்னைக் குரல் வராது.

ஜெசிந்தாவிடம் போய், "நீங்க பேசணும்" என்றேன்.

"நூறு நூறு பேரா மூணு தடவை. மைக் இல்லாம. அதுவும் போகப்போற ஆளு."

"ஆமா."

"கெஞ்சுற மாதிரியே இல்லையே."

"எனக்குக் கெஞ்ச வராது."

"சரி. ஆனா அந்த நாற்பது நிமிஷக் காட்சி ஓடக்கூடாது. நான் என்ன சொல்லுதேனோ அது மேல வரணும். நீங்க உக்காந்து ஓட்டணும். அவசரப்படக்கூடாது."

கடைசி நிபந்தனை கஷ்டம். ஒப்புக்கொண்டேன்.

மே 18, ஞாயிறு

எழுதக் கை நிற்கவில்லை. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

இன்று மட்டும் விசேஷ அனுமதியில் மெயின் போட்டார்கள். பத்து மணிக்கு முதல் நூறு பிள்ளைகள். தாளாளர் முன்வரிசை. அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு கை ஒலிபெருக்கி கொண்டுவந்தார். ஜெசிந்தா அதில் "வணக்கம்" என்றாள். டோம் அதை எட்டுத் திசையிலிருந்தும் திருப்பிச் சொன்னது. நாய்கள் வணக்கம் சொன்ன மாதிரி இருந்தது. பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். அதைத் தரையில் வைத்துவிட்டு வெறும் தொண்டையில் பேசினாள்.

"எல்லாரும் எந்தெந்த ஊரு?"

நூறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கயத்தாறு, எட்டயபுரம், கழுகுமலை, இன்னும் என்னவோ.

"இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு உங்க ஊர்ல மொட்டை மாடியில படுத்தா என்ன தெரியும்? சுடலை அண்ணன் காட்டுவாரு."

காட்டினேன். டோமுக்குள் ஒரு 'ஓ...' எழுந்தது. அது என் முதுகுத்தண்டு வழியாக ஏறியது.

வடக்கே துருவ நட்சத்திரம் ஏன் பனைமரத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று சொன்னாள். தெற்கே நாலு நட்சத்திரத்தைக் காட்டினாள். "எங்க அப்பா கடலுக்குப் போவாரு. இதைக் குருசு வெள்ளிம்பாரு. இது நிமிந்து நின்னா அதுதான் தெற்கு. வீட்டுக்கு வாற வழி அதுக்கு எதிர்ப்பக்கம்." சென்னைக் குரலில் இது இல்லை. அவள் தாள்களிலும் இது இல்லை. எனக்குத் தெரியும், நான்தான் பொறுக்கினேனே.

ஒரு பெண் எழுந்து, "மிஸ், வானம் சுத்துதா, நாம சுத்துதோமா?" என்றாள்.

"சுத்திப் பாத்துருவோமா? சுடலை அண்ணா, திருப்புங்க!"

ஒரு நாளை ஒரு நிமிடத்தில் ஓட்டினேன். கிழக்கே எழுந்தது மேற்கே விழுந்தது.

"இன்னும் வேகமா!" என்றது கூட்டம்.

ஒரு நாளைப் பத்து விநாடியில் ஓட்டினேன்.

"சுடலை அண்ணா, திருப்புங்க! சுடலை அண்ணா, திருப்புங்க!"

அவசரப்படக்கூடாது என்பது நிபந்தனை. அவளைப் பார்த்தேன். அவளும் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு நாளை ஒரே விநாடியாக்கினேன். வானம் பம்பரமாகிவிட்டது. நட்சத்திரங்கள் கோடுகளாகின. நாற்காலிகள் எல்லாம் சுற்றுவதாக நூறு பேருக்கும் தோன்றி, நூறு பேரும் பக்கத்தில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டு வீறிட்டார்கள். தாளாளர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துப்பா! நிறுத்துப்பா!" என்றார். நிறுத்தினேன். பிறகு தாளாளரே மெதுவாகக் கேட்டார்: "எதிர்ப்பக்கமும் சுத்துமா?"

இப்படி மூன்று காட்சி.

கடைசி பஸ் போன பிறகு தாளாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தோளில் தட்டினார். டோம் டோமாகவே இருக்கும் என்றார். பிறகு கேட்டார்: "ஒலி எப்ப சரியாகும்? சரியாயிட்டா முப்பத்தொண்ணுக்கு டீச்சரை அனுப்பிடலாம். அதுவரைக்கும் அவங்க பேசட்டும்."

"பாக்குறேன் சார்" என்றேன்.

மே 19, திங்கள்

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். பன்னிரண்டே காலுக்கு முடிந்தது. ஒலி வந்துவிட்டது, துல்லியமாக.

விளக்கை அணைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து சென்னைக் குரலை நாற்பது நிமிடமும் கேட்டேன். நல்ல குரல். குறை சொல்ல முடியாது. அண்டப் பெருவெளியின் அளப்பரும் ஆழங்களில் எனக்கு ஒரு கொட்டாவி வந்தது.

தாளாளர் கேட்டால் என்ன சொல்வது? எனக்குப் பொய் வராது. மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அம்மாவே சொல்வாள்.

ஒரு மணிக்கு அமைப்புக் கோப்பைத் திறந்தேன். ஒலி வேண்டாம் என்று எழுதினேன். மறுபடி முதலிலிருந்து கட்டினேன். ஐந்து ஐந்துக்கு முடிந்தது. சோதித்தேன். நிசப்தம்.

தாளாளர் அறைக்குப் போனேன்.

"ஒலி வந்துச்சா?"

"இந்தக் கம்ப்யூட்டர்ல ஒலி இல்ல சார்."

"அப்படியா? சரி சரி" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். வருத்தமே படவில்லை. நான் எட்டு மணி நேரம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

மே 20, செவ்வாய்

பத்து மணிக்கு ஜெசிந்தா வந்தாள். தொண்டை கட்டிப்போய் வாத்து மாதிரிப் பேசினாள்.

"ஒலி எங்க?"

"இல்ல."

"நேத்து மதியம் டோமுக்குள்ள அந்தச் சென்னை ஆளு பேசினாருன்னு அண்ணாச்சி சொன்னாரு."

குனிந்து கம்பைல் பதிவை நேராகத் திறந்தாள். இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் வந்துவிடும். காலை எட்டு மணி, ஒலியோடு. மதியம் ஒரு மணி, ஒலி இல்லாமல்.

"கட்டிட்டுப் பிரிச்சிருக்கீங்க."

"ஆமா."

"எதுக்கு?"

பொய் வராது என்பது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று இன்றுதான் தெரிந்தது. "ஒலி வந்துட்டா உங்களை அனுப்பிருவேன்னாரு. நீங்க போகக்கூடாது."

"யாருக்காகப் போகக்கூடாது?"

"எனக்காக."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு கட்டுத் துண்டுச் சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் கேள்வி எழுதி வாங்கியிருக்கிறாள். நூற்றுப் பதினெட்டு. அன்றைக்குச் சாயங்காலமே, நான் புரொஜெக்டருக்கு உறை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தாளாளரிடம் போய்ச் சீட்டுகளை விரித்து வைத்து, இதில் ஒன்றுக்காவது ரெக்கார்டிங் பதில் சொல்லுமா என்று கேட்டிருக்கிறாள். நேற்றுக் காலையிலேயே ஒரு வருட ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஓசூருக்கு வரவில்லை என்று கடிதமும் போட்டாயிற்று.

"நேத்துக் காலையிலயா?"

"பத்து மணிக்கு. நீங்க நாலு மணி நேரம் கட்டி, நாலு மணி நேரம் பிரிச்சுக்கிட்டு இருந்தப்ப. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் வேலை, என் ஓசூரு."

"இல்ல. கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்று வாத்துக் குரலில் திருப்பிச் சொன்னாள். பிறகு தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "நாளைக்கு ரெண்டு காட்சிக்கு நூத்தியிருபது பேரு வாறாங்க. எனக்கு மைக் வேணும். மைக்குக்கு ஒலி வேணும். திரும்பக் கட்டுங்க."

"இப்பவே?"

"இப்பவே. முடியுற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். உங்களை நம்பி விட்டுட்டுப் போனா நடுவுல என்னத்தையாவது பிரிச்சிருவீங்க."

அமைப்புக் கோப்பைத் திறந்தேன். ஒலி வேண்டும் என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் வேலைகள் ஓடலாம் என்று அங்கே சொல்ல வேண்டும். இந்தக் கணினிக்குப் பதினாறு தாங்கும். பதினாறு பேர் சேர்ந்து சுவர் வைக்கிற மாதிரி. பதினாறை அழித்துவிட்டு ஒன்பது என்று போட்டேன்.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள்.

"பதினாறு வைக்கலாம்லா?"

"வைக்கலாம்."

"ஒம்பது வச்சா எப்ப முடியும்?"

"ஆறு மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால."

சீட்டுக் கட்டைப் பிரித்து முதல் கேள்வியை எடுத்தாள். நிலாவுக்கு வாசனை உண்டா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். உண்டா என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவளுக்குத் தெரியுமாம், சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மணி பதினொன்றரை. ஒலியைத் தொடும் 31 பேக்கேஜில் 2 முடிந்திருக்கிறது.